தணிக்கையா, வயதுக்குறியா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒரு பையன் வீடியோ கேம் உறையோடு வந்தான். உறையின் மூலையில் 16 என்ற எண், பக்கத்தில் வி, எல் என்று இரண்டு ஆங்கில எழுத்து. "இதுக்குத் தமிழ்ல என்ன, டீச்சர்?" என்றான். சட்டென்று "தணிக்கை" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது.

சென்சார் லத்தீன் சொல். பண்டைய ரோமில் குடிமக்களைக் கணக்கெடுத்து, அவர்களுடைய ஒழுக்கத்தையும் கவனித்த அதிகாரிக்கு அந்தப் பெயர். சென்சஸ் அதன் கூடப்பிறந்தது. தமிழில் அந்த இடத்தில் தணிக்கை உட்கார்ந்துவிட்டது. 'தணி' என்ற வினையிலிருந்து வந்த சொல், படத்தின் சூட்டைத் தணிப்பது என்று சிலர் விளக்குவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல் உருது வழியாக வந்தது, வேர் அரபியில். அங்கே தன்கீஹ் என்றால் கழித்துத் திருத்துவது, செம்மைப்படுத்துவது. தெலுங்கில் தனிகீ என்றால் சோதனை. கன்னடத்தில் தனிகெ என்றால் விசாரணை. நம்மிடமும் சரிபார்ப்பதுதான் பழைய பொருள், அதனால்தான் இன்றும் கணக்குத் தணிக்கை என்கிறோம். கத்தரிக்கோல் பிற்பாடு சினிமாவோடு வந்து ஒட்டிக்கொண்டது.

தென்னாப்பிரிக்காவில் இது வெறும் சொல் சண்டை இல்லை. நிறவெறி ஆட்சி 1963, 1974 சட்டங்களை வைத்துப் புத்தகங்களையும் படங்களையும் தடைசெய்தது. வளர்ந்த மனிதர் எதைப் படிக்கலாம் என்பதை அரசே முடிவுசெய்தது; அது அசல் தணிக்கை. 1996இல் வந்த புதிய சட்டம் அந்த வேலையை வகைப்படுத்தலாக மாற்றியது. பெரியவர்கள் தாங்களே தேர்ந்துகொள்ளட்டும், பிள்ளைகளுக்குக் காப்பு வேண்டும் என்பது அதன் போக்கு. சிறுவர் பாலியல் படங்கள் போன்றவற்றுக்கு இன்றும் முழுத் தடைதான். 2019இல் செய்த திருத்தம் 2022 மார்ச் 1 அன்று நடப்புக்கு வந்து, இணையத்தில் விற்பவர்களையும் உள்ளே இழுத்தது. இந்தியாவிலும் 1983இல் திரைப்பட வாரியத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்து சென்சார் போய்விட்டது. நம் வாய்தான் இன்னும் விடவில்லை.

சரி, அந்த 16க்கு என்ன சொல்வது? 'வயது வரம்பு' என்றால் வேலை விளம்பர ஞாபகம் வருகிறது. 'வகைப்பாடு' சட்டப் புத்தகத்துக்குச் சரி, கடைக்குச் சரிப்படாது. எனக்கு 'வயதுக்குறி' போதும். 7-9பிஜி என்றிருந்தால் அந்த வயதுப் பிள்ளை பெரியவர் துணையோடு பார்க்கட்டும் என்று பொருள். பிஜி, பெற்றோர் வழிகாட்டல். வி என்றால் வன்முறை, நல்லவேளை இரண்டு மொழியிலும் வகர ஓசை. எல், அதாவது லாங்குவேஜ், தான் தொல்லை. 'மொழி' என்று அப்படியே போட்டால், மொழி இல்லாத படம் எங்கே இருக்கிறது? 'கெட்ட வார்த்தை' என்று பச்சையாகவே எழுதலாம். சில உறைகளில் பி என்றும் இருக்கும், பிரெஜுடிஸ்; இனத்தையோ மதத்தையோ இழிவுபடுத்துவது. இந்த நாட்டில் அதற்குத் தனி எழுத்து இருப்பதில் வியப்பில்லை.

பிள்ளைகள் எதைப் பார்க்கலாம் என்று கருவியிலேயே பூட்டிவைக்கும் பேரண்டல் கண்ட்ரோலைப் 'பெற்றோர் கட்டுப்பாடு' என்று எழுதுகிறார்கள். கட்டுப்படுவது யார், பெற்றோரா? பல வீடுகளில் அப்படித்தான், பாஸ்வேர்டே பிள்ளைக்குத்தான் தெரியும். 'பெற்றோர் பூட்டு' என்றால் குழப்பமில்லை.

அடுத்த சனிக்கிழமை அவன் நோட்டில் 'வயதுக்குறி 16' என்று எழுதவைத்தேன். உனக்கு என்ன வயது என்று கேட்டேன். பதினொன்று. "ஆனா வாங்கினது தாத்தா, டீச்சர். அவருக்கு எழுபது."