ஃபண்டு வரவில்லை என்றால் சம்பளம் கிடையாதா? யார் சொன்னது?

"மார்ச் வரைக்கும் ஃபிட்டர், ஏப்ரல்ல இருந்து வீட்டோட மாப்பிள்ளை." பென்னாகரம் பக்கம் குடிநீர்க் குழாய் பதிக்கும் தம்பிகள், ஃபண்டு நின்றால் வேலையும் நின்றுவிடும் என்பதை டீக்கடையில் இப்படித்தான் பேசிச் சிரிக்கிறார்கள். நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் பி.எஃப்., தொழிலாளர் சட்டம் என்று பிழைப்பு நடத்துகிற எனக்கு, அடுத்து வருகிற வசனம்தான் தாங்கவில்லை: "பாவம் சார், கான்ட்ராக்டருக்கே பில் பாஸ் ஆகலை, அவர் எங்கே போவார்?" போன வாரமும் ஒரு தம்பி இதையே சொன்னார். மூன்று மாதச் சம்பளம் நிலுவை, கேட்கக்கூட இல்லை.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் நம் மாநிலத்துக்கான செலவில் மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதி. பணம் இழுத்தால் பில் தேங்கும், கான்ட்ராக்டர் வட்டிக்கு வாங்குவார். அவர் கஷ்டம் நிஜம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது அவருக்கும் துறைக்கும் உள்ள கணக்கு. உங்கள் கணக்கு நீங்கள் வேலை செய்த நாட்கள், அவ்வளவுதான். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வந்தாக வேண்டும். எம்-புக்கில் (முடிந்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) அளவு ஏறிய பிறகு, ரன்னிங் பில் (வேலை நடக்க நடக்கத் தரும் பகுதிப் பணம்) வந்த பிறகு என்றெல்லாம் சட்டத்தில் எங்கேயும் இல்லை. நல்ல லாபம் பார்த்த வருஷம் உங்களைக் கூப்பிட்டுப் பங்கு கொடுத்தாரா? அப்புறம் நஷ்டத்தில் மட்டும் ஏன் பங்கு?

ஃபண்டு நின்றால் வேலை நிற்கலாம், அதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கான கூலி நிற்கக் கூடாது. கான்ட்ராக்டர் தராவிட்டால், வேலையைக் கொடுத்த நிறுவனமோ துறையோ கொடுத்துவிட்டு அவர் பில்லில் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்த விஷயம், 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்புகளிலும் இருக்கிறது. (பெரிய அதிகாரிகளே இதைக் கேட்டு முழிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.)

போன வாரம் வந்த அந்தத் தம்பியின் சம்பளச் சீட்டில் மாதாமாதம் பி.எஃப். பிடித்தம் 1,800. போனில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் தீபாவளிக்குப் பிறகு ஒரு வரவும் இல்லை. அவருக்கு அது தெரியவே தெரியாது. பிடித்த பணத்தைக் கட்டாமல் விடுவது தாமதம் இல்லை ஐயா, நம்பிக்கை மோசடிக் குற்றம்.

தயவுசெய்து பாஸ்புக்கை மாதம் ஒருமுறை பாருங்கள், ரீல்ஸ் பார்க்கிற நேரத்தில் இரண்டு நிமிஷம் போதும். புது கான்ட்ராக்டரிடம் சேரும்போது பழைய யு.ஏ.என். நம்பரையே (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். அடையாள எண்) கொடுங்கள். ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு நம்பர் வாங்கி, வேலை முடிந்ததும் மொத்தத்தையும் எடுத்துச் செலவழித்தால், பி.எஃப். பென்ஷனுக்கு வேண்டிய 10 வருஷ சர்வீஸ் சேரவே சேராது. வருகைப் பதிவை, மேஸ்திரி அனுப்பும் வாட்ஸ்அப் மெசேஜாக இருந்தாலும், அழிக்காதீர்கள். கையில் ரொக்கமாக வாங்காதீர்கள். ஜிபே செய்தால்கூட ஒரு தடயம் இருக்கும். வெற்றுத் தாளில் கையெழுத்தா? போடவே கூடாது.

சம்பளம் ஒரு மாதம் தவறினாலே தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள், நகலில் சீல் வாங்குங்கள். சைட் காலியாகி, கான்ட்ராக்டர் நம்பர் மாறி, கூட வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு ஊருக்குப் போன பிறகு வந்தால், சாட்சிக்கு நான் யாரைத் தேடுவது?