பழகிய ஃப்ளையை மீன் ஏன் திடீரென்று ஒதுக்குகிறது?

தூண்டில் முள்ளில் இறகு, விலங்கு முடி, நூல் எல்லாம் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டுவதுதான் ஃப்ளை. இதை வைத்து, குளிர்ந்த ஆறுகளில் வாழும் டிரவுட் மீனைப் பிடிப்பவர்கள் எல்லோரிடமும் கை தானாகப் போய் எடுக்கும் ஃப்ளை ஒன்று இருக்கும். 1922-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் லெனர்ட் ஹாலடே கட்டிய ஆடம்ஸ் பலருக்கு அப்படிப்பட்டது. சாம்பல் நிற உடல், பழுப்பும் சாம்பலும் கலந்த இறகு. அது எந்த ஒரு பூச்சியின் அச்சும் இல்லை, ஆனால் பல பூச்சிகளின் சாயல் அதில் உண்டு. நாள் தவறாமல் மீன் தந்துகொண்டிருந்த அந்த ஃப்ளை ஒருநாள் சுத்தமாக எடுபடாமல் போகும். கண்ணெதிரே மீன் மேலே வந்து எதையோ தின்றுகொண்டே இருக்கும்; நம் ஃப்ளை பக்கத்தில் மிதந்து போனால் திரும்பிக்கூடப் பார்க்காது.

உடனே பெட்டியைத் திறந்து வேறு ஃப்ளை மாட்டுவதுதான் வழக்கம். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை என்று நினைக்கிறேன். மீனுக்கு என்ன தெரிகிறது, அது எப்படி முடிவெடுக்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும்.

ஓடும் ஆற்றில் டிரவுட் பெரும்பாலும் இரையைத் துரத்தி அலைவதில்லை. ஒரு கல்லுக்குப் பக்கத்தில் வேகம் தணிந்த இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, நீரோட்டம் கொண்டுவருவதைப் பொறுக்கித் தின்கிறது. நகர்ந்து பிடிக்கிற ஒவ்வொரு முறையும் அதற்குச் சக்தி செலவாகிறது. ஒரே வகைப் பூச்சி கொத்துக்கொத்தாக வரும் நேரத்தில் அதை மட்டும் குறிவைத்தால் யோசிக்கிற நேரமும் வீண் அலைச்சலும் மிச்சம். பைன் காட்டுப் பறவைகளை ஆராய்ந்த லூக் டின்பெர்கன் என்ற டச்சு விஞ்ஞானி இதைப் போன்ற ஒன்றை விவரித்தார். அந்த ஆய்வு 1960-இல் வெளியானது. ஒரு புழு அரிதாக இருக்கும்வரை பறவைகள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. பெருகியதும் அதன் உருவம் மனதில் பதிந்து, அதையே தேடித் தின்கின்றன. இதற்குத் ‘தேடல் உருவம்’ என்று பெயர். டிரவுட் ஒரே இரையில் பிடிவாதமாக நிற்பதையும் பலர் இப்படித்தான் விளக்குகிறார்கள். நேற்று அதன் தேடலுக்குப் பொருந்திய ஃப்ளை, இன்று ஆற்றில் வேறு பூச்சி வந்துவிட்டால் பொருந்தாது.

பூச்சி அதேதான், ஆனால் பருவம் மாறிவிட்டது என்பதும் நடக்கும். மேஃப்ளை என்ற நிஜப் பூச்சி மாதக்கணக்கில், சில இனங்களில் ஓராண்டுக்கும் மேல், ஆற்றடியில் நிம்ஃப் என்ற இளம் பருவத்தில் வாழ்கிறது. பிறகு மேலே நீந்திவந்து, நீர்ப்பரப்பிலேயே தோலைக் கிழித்துச் சிறகோடு வெளிவருகிறது. அப்படி வந்தபின் இன்னொரு முறையும் தோலுரிக்கிறது. பறக்கும் சிறகு வந்தபிறகு தோலுரிக்கும் பூச்சி இது ஒன்றுதான். வளர்ந்த மேஃப்ளை எதையும் உண்பதில்லை. சில மணி நேரமோ ஓரிரு நாளோ இருந்து, இணைசேர்ந்து, முட்டையிட்டுச் சாகிறது. ஆக, கீழே நீந்தும் நிம்ஃப், பாதித் தோலோடு மேற்பரப்பில் மாட்டிக்கொண்டு துடிப்பது, சிறகை நிமிர்த்தி மிதப்பது, செத்துச் சிறகு விரிந்து கிடப்பது என ஒரே பூச்சி நான்கு வடிவங்களில் மீன் முன்னால் வருகிறது. தோலில் மாட்டிக்கொண்டதால் பறந்து தப்ப முடியாது என்பதால் இரண்டாம் வடிவம் மீனுக்கு மிகச் சுலபமான இரை. மேலே நிமிர்ந்து மிதக்கும் ஆடம்ஸை அப்போது மீன் ஏன் எடுக்கப்போகிறது?

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. மீன் வாய் வைத்த இடத்தில் நீர்க்குமிழி மிஞ்சியிருந்தால், அது மேற்பரப்பில் இருந்ததைக் காற்றோடு சேர்த்து விழுங்கியிருக்கிறது. தண்ணீர் வெறுமனே புடைத்து அடங்கினால், இரை மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே இருந்திருக்கிறது. முதுகும் வாலும் மட்டும் தெரிந்தாலும் அப்படித்தான். ஃப்ளை மாற்றுவதற்கு முன் இதை ஐந்து நிமிடம் நின்று பார்ப்பது நல்லது.

இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறை ஆறுகளில், மிதக்கும் ஃப்ளைதான் முறையானது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். இட்சன் ஆற்றில் தூண்டில் போட்ட ஜி. இ. எம். ஸ்க்யூஸ், மீன்கள் தின்பதில் பெரும்பகுதி மேற்பரப்புக்குக் கீழேதான் என்று கண்டு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, நிம்ஃப் மாதிரி கட்டிய ஃப்ளையை மூழ்கவிடும் நிம்ஃப் முறைக்காக வாதாடினார். பின்னாளில் அதே நாட்டின் ஏவன் ஆற்றைப் பராமரித்துவந்த ஃப்ராங்க் சாயர், ஃபெசன்ட் என்ற பறவையின் வால் இறகையும் மெல்லிய செம்புக் கம்பியையும் மட்டும் வைத்து ஒரு நிம்ஃப் கட்டினார். நூல் கிடையாது, கால்களும் கிடையாது. நீந்தும் நிம்ஃப் கால்களை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்வதை அவர் கவனித்திருந்தார். செம்பின் எடை அதைத் தானாக மூழ்கச் செய்தது. மீன் என்ன பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்கிக் கட்டிய ஃப்ளை அது. இன்றும் உலகமெங்கும் அதைக் கட்டுகிறார்கள்.

மிதக்கும் ஃப்ளையை மீன் பார்க்கும் விதம் நாம் நினைப்பது போல் இல்லை. பள்ளியில் படித்த ஒளிவிலகல்தான் இதற்கு அடிப்படை. நீருக்குள்ளிருந்து பார்க்கும்போது மாறுநிலைக் கோணம் சுமார் 48.6 பாகை. அதற்குள் அடங்கும் வட்டத்தின் வழியாக மட்டுமே மீனால் வெளியுலகைப் பார்க்க முடியும். வட்டத்துக்கு அப்பால் முழு அக எதிரொளிப்பால் நீர்ப்பரப்பு கண்ணாடியாகி ஆற்றடியைக் காட்டும். வட்டத்தின் விட்டம் மீன் நிற்கும் ஆழத்தைப் போல ஏறக்குறைய 2.27 மடங்கு. ஒரு மீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அது இரண்டே கால் மீட்டர், 30 செ.மீ. ஆழத்தில் இருப்பதற்கு 68 செ.மீ. மட்டுமே.

சரி, நீர் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 செ.மீ. ஆழத்து மீனின் வட்டத்துக்குள் ஃப்ளை நுழைந்து தலைக்கு மேல் வர 0.7 வினாடிகூட ஆகாது. அதற்கு முன்பே மீன் ஒன்றைப் பார்த்துவிடுகிறது: பூச்சியின் கால்கள் நீர்ப்பரப்பை அழுத்தும் இடங்களில் அந்தக் கண்ணாடியில் தோன்றும் ஒளிப்புள்ளிகள். வட்டத்தின் விளிம்பை நெருங்கும்போது முதலில் சிறகின் நுனி, உடலிலிருந்து பிரிந்ததுபோல் மேலே தெரியும். நிறம் தெளிவாகத் தெரிவதற்குள் பாதி முடிவு எடுத்தாயிற்று. வானத்தின் பின்னணியில் ஃப்ளை பெரும்பாலும் நிழலுருவமாகத்தான் தெரிகிறது.

அதனால்தான் நான்கைந்து மீன் பிடித்த ஃப்ளை ஐந்தாவதற்குப் பிறகு எடுபடாமல் போகிறது. மீனின் வழுவழுப்பு ஒட்டி இறகு ஈரமாகி, நுனிகளால் நிற்க வேண்டிய ஃப்ளை வயிறு படிந்து கிடக்கும். ஒளிப்புள்ளிகள் இருந்த இடத்தில் இப்போது ஒரு கறுப்புத் திட்டு. வாத்தின் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றி வளரும் சிடிசி இறகில் கட்டியதென்றால் இன்னும் வேகமாக நடக்கும். நீரில் அலசி, துணியில் ஒற்றி, ஊதிக் காய வைத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். முள்ளின் நுனியையும் நகத்தில் இழுத்துப் பார்க்கலாம். வழுக்கினால் மழுங்கிவிட்டது, தீட்ட வேண்டும்.

ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய குற்றவாளி இழுவைதான். வீசிய கயிறு ஆற்றின் குறுக்கே கிடக்கிறது. நடுவில் வேகமாக, ஓரத்தில் மெதுவாக நீர் ஓடுகிறது. கயிற்றில் வளைவு விழுந்து அது ஃப்ளையை இழுக்கும். இயல்பான பூச்சி நீரோடு நீராகப் போகும். இழுபடும் ஃப்ளை பின்னால் ஒரு கோடு போட்டுக்கொண்டு போகும். நம் கண்ணுக்குத் தெரியாத சிறு இழுவைகூட மீனுக்குப் போதும். கயிற்றை மேல்நீரோட்டப் பக்கமாகத் தூக்கிப் போடுவது, நிற்கும் இடத்தை இரண்டடி மாற்றுவது, கடைசி நரம்பை, அதாவது ஃப்ளையைக் கட்டும் மெல்லிய இழையை, நீளமாக்குவது என்று மூன்று வழிகள் உண்டு. அப்புறம் நரம்பின் தடிமன். 5எக்ஸ் என்ற அளவு நரம்பு சுமார் 0.15 மி.மீ., 7எக்ஸ் சுமார் 0.10 மி.மீ. ஒரே பொருளில் செய்த நரம்புகள் என்றால் வளையும் விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் மாறும். அதாவது 7எக்ஸ் ஐந்து மடங்கு துவளும். ஃப்ளை சுதந்திரமாக மிதக்கும். ஆனால் வலிமை பாதிக்கும் கீழே போய்விடும், பெரிய மீன் இருக்கும் இடத்தில் இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். மெல்லிய நரம்பு மீன் கண்ணுக்குத் தெரியாது என்பதைவிட, துவள்வதுதான் அதன் முதல் நன்மை என்பது என் கணிப்பு.

நிம்ஃப் போடுபவர்களுக்கு இழுவையோடு ஆழமும் சேர்ந்துகொள்ளும். ஆற்றடியில் நீர் மேற்பரப்பைவிட மெதுவாக ஓடுகிறது. மேலே மிதக்கும் தக்கை வேகமாகப் போய் நிம்ஃப்பைத் தூக்கிவிடும். நிம்ஃப்பில் எடைக்காகக் கோத்த பித்தளை மணியை எடுத்துவிட்டு அதே அளவு டங்ஸ்டன் மணி கட்டினால், அடர்த்தி இரண்டு மடங்குக்கும் மேல் என்பதால் சீக்கிரம் கீழே போகும். ஃப்ளை பழையதுதான், போகும் தளம் மட்டும் வேறு.

மீனே பாடம் கற்றுக்கொண்டிருக்கலாம் என்பதும் உண்மை. நெதர்லாந்தில் பியூகெமா என்ற ஆய்வாளர் 1970-இல் வெளியிட்ட சோதனையில், பைக் மீன்கள் சுழலும் உலோகத் தூண்டிலைத் தவிர்க்கக் கற்றன. உயிர் மீன் இரையைத் தவிர்க்கவில்லை. கெண்டை இனத்தில் ஒருமுறை பிடிபட்டதே நெடுநாள் எச்சரிக்கைக்குப் போதுமானதாக இருந்தது. பிடித்த மீனைத் திரும்ப நீரில் விடும் வழக்கம் உள்ள ஆறுகளில் எல்லோரும் ஒரே ஃப்ளையைப் போட்டால் அதன் பலன் தேய்வதில் ஆச்சரியமில்லை. அங்கே அளவில் ஒன்றிரண்டு எண் சிறியதாக மாற்றுவது அடிக்கடி பலன் தருகிறது. அதற்கடுத்துத்தான் வடிவம். நிறத்தைக் கடைசியாகத் தொடுவேன்.

தற்செயலையும் மறக்கக் கூடாது. 50 வீச்சுக்கு ஒரு மீன் என்பது ஒரு ஃப்ளையின் சராசரி என்றால், 50 வீச்சில் ஒன்றும் கிடைக்காமல் போக 36 சதவீதம் வாய்ப்பு உண்டு. 100 வீச்சிலும் வெறும் கையென்றாகவே 13 சதவீதம். ஃப்ளை ‘செத்துவிட்டது’ என்று சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட வேண்டும். அதிகம் நம்பும் ஃப்ளைதான் அதிக நேரம் நீரில் கிடக்கிறது, அதனால் அதிக மீனும் அதில்தான் விழுகிறது என்பதும் இதே கணக்கின் மறுபக்கம்.

எந்த ஃப்ளையும் உதவாத நாள் ஒன்று உண்டு. 10 டிகிரி செல்சியஸில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 20 டிகிரியில் சுமார் 9.1 மட்டும். வெப்பம் ஏற ஏற டிரவுட்டின் ஆக்சிஜன் தேவையும் கூடும். 20 டிகிரியைத் தாண்டினால் அது இரையை விட்டு மூச்சைப் பார்க்கும். அப்போது பிடித்துத் திரும்ப நீரில் விட்டாலும் பிழைப்பது கடினம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் நீர் தொடர்ந்து சூடாக இருக்கும் ஆறுகளில் மதியம் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை தூண்டிலுக்குத் தடை போடுவதும் இதனால்தான். ஃப்ளை பெட்டியோடு ஒரு சிறு வெப்பமானியும் வைத்திருங்கள். 20-க்கு மேல் காட்டினால் தூண்டிலை மடக்கிவிட்டு, நீர் குளிர்ந்த விடியற்காலையில் அதே ஃப்ளையோடு வாருங்கள்.