கியர் கேபிளைத் திருகுவதற்கு முன்

மே மாதக் கடைசியில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் பலவும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். "அண்ணை, படகு கியர் விழுகுதில்லை. வந்து கேபிளை ஒருக்கா அட்ஜஸ்ட் பண்ணி விடுறியளே?" குளிர்காலம் முழுவதும் பிளாஸ்டிக் சுற்றிக் கிடந்த படகை, இங்கே கனடாவின் சிம்கோ ஏரியில் அப்போதுதான் இறக்கியிருப்பார்கள். முதல் சனிக்கிழமை. வீட்டு ஆட்கள் எல்லாரும் ஏறியாயிற்று, குளிர்ப்பெட்டியில் கோழிப் பொரியலும் சோடாவும் இருக்கின்றன. கைப்பிடி மட்டும் அசைய மாட்டேன் என்று நிற்கும்.

போய்ப் பார்த்தால், உண்மையிலேயே அட்ஜஸ்ட் பண்ண வேண்டிய கேபிள் குறைவு, மாற்ற வேண்டிய கேபிள்தான் அதிகம். அதோடு யாரோ ஒருவர் ஏற்கெனவே இரண்டு தரம் திருகிப் பார்த்தும் இருப்பார். அவர் திருகியதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதிலேயே என் முதல் அரைமணி நேரம் போய்விடும்.

ஊரில் நாங்கள் பார்த்து வளர்ந்தது வள்ளத்தின் பின்னால் தொங்கும் அவுட்போர்ட் மோட்டர். கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இங்கே எங்கள் ஆட்கள் வாங்குகிற பழைய 18, 20 அடிப் படகுகளில் பல ஸ்டெர்ன் டிரைவ். கார் எஞ்சின் போன்ற ஒன்று படகுக்குள் மூடியின் கீழ் இருக்கும். அதன் விசை பின்சுவரைத் துளைத்து வெளியே வந்து, தண்ணீருக்குள் தொங்கும் ஒரு கால் வழியாகப் புரொப்பல்லருக்குப் போகும். அந்தக் காலைத்தான் டிரைவ் என்போம். 1959இல் வொல்வோ பென்டா 'அக்குவாமாட்டிக்' என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கொஞ்ச காலத்துக்குள் மெர்க்குரூசரும் வந்தது. ஒன்ராறியோ ஏரிகளில் நான் அதிகம் கை வைப்பது மெர்க்குரூசர் ஆல்ஃபா வகையில் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். உங்களுடையது வேறு வகையென்றால் அளவுகளும் முறையும் மாறும், அந்த எஞ்சினுக்குரிய கையேட்டைப் பாருங்கள்.

கியர் மாற்ற ஒரே கேபிள்தான் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு இருக்கின்றன. ஒன்று, ஓட்டுநரின் கைப்பிடியிலிருந்து எஞ்சினில் பூட்டியிருக்கும் ஷிஃப்ட் தகடு வரை வருவது. அது வாழ்நாள் முழுக்கக் காய்ந்த இடத்தில் கிடக்கிறது, அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. மற்றது அந்தத் தகட்டிலிருந்து புறப்பட்டுப் பின்சுவரைக் கடந்து டிரைவுக்குள் போவது. கீழ்க் கேபிள் என்று சொல்வோம். நீங்கள் இடப்பக்கம் திருப்பும்போதும் வலப்பக்கம் திருப்பும்போதும் டிரைவை மேலே தூக்கும்போதும் அது வளைந்து வளைந்து கொடுக்க வேண்டும். அதைத் தண்ணீரிலிருந்து காப்பது மடிப்பு மடிப்பான ஒரு சின்ன ரப்பர் உறை, பெல்லோஸ். அந்த ரப்பர் ஒரு இடத்தில் வெடித்தால் தண்ணீர் கேபிளைப் பிடித்துவிடும். கேபிளின் பிளாஸ்டிக் உறையும் கீறியிருந்தால் உள்ளே இருக்கும் உலோகச் சுற்று துருப்பிடிக்கும். போதாதற்கு இந்த நாட்டுக் குளிர். உள்ளே தங்கிய தண்ணீர் ஜனவரியில் உறைந்து பனிக்கட்டியாகி, கீறலை இன்னும் பெரிதாக்கிவிடும். மேயில் கைப்பிடி கனப்பதன் கதை இதுதான்.

இந்தக் கீறல் கியர்ப் பிரச்சினையோடு நிற்பதில்லை. பெல்லோஸும் கேபிள் உறையும் கெட்ட படகில், அந்த வழியாகவே தண்ணீர் படகுக்குள் கசிந்து வரலாம். இரவு கட்டிவிட்டுப் போன படகு காலையில் பின்பக்கம் தாழ்ந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். கியர் கனக்கிறது என்று யாராவது சொன்னால் நான் உடனே அடித்தளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்பது அதனால்தான்.

சரி, கியர் எப்படி விழுகிறது? ஆல்ஃபா டிரைவின் அடிப்பெட்டியில் இரண்டு பற்சக்கரங்கள் எதிரெதிர்த் திசையில் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். நடுவில் பல் வைத்த ஒரு துண்டு இருக்கிறது. அது முன்னால் நகர்ந்து ஒரு சக்கரத்தைக் கடித்தால் படகு முன்னே போகும், பின்னால் நகர்ந்து மற்றதைக் கடித்தால் பின்னே போகும். காரில் இருப்பது போல் வழுக்கிக்கொண்டு மெல்லப் பிடிக்கிற கிளட்ச் இங்கே இல்லை. பல்லோடு பல் நேராக மாட்ட வேண்டும். அதனால் கியரைத் தயங்காமல் ஒரே தள்ளாகப் போட வேண்டும். "டொக்" என்று ஒரு சத்தம் வரும், வரட்டும். எஞ்சின் மெதுவோட்டத்தில், கார்புரேட்டர் எஞ்சின்கள் பலவற்றில் நிமிடத்துக்கு 650, 700 சுற்றில், இருக்கும்போது அந்த டொக் ஒன்றும் செய்யாது.

எங்கள் ஆட்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் பெரிய பாடு. ஊரில் வான் ஓட்டிப் பழகியவர்கள், கியரை நோகாமல் மெல்லத் தள்ளுவார்கள். "மெதுவாப் போட்டாத்தானே அண்ணை நல்லது?" இல்லை, தம்பி. மெதுவாகத் தள்ளும் ஒவ்வொரு முறையும் அந்தப் பற்கள் கர்ர்ர் என்று ஒன்றின் மேல் ஒன்று உரசி முனை மழுங்குகின்றன. முனை மழுங்கிய பல், வேகம் கூட்டும்போது கடியை விட்டு நழுவும், கியர் தானாக வெளியே குதிக்கும். அந்த நிலைக்கு வந்தபின் எந்தக் கேபிளைத் திருகியும் பயனில்லை, அடிப்பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும்.

போடுவதைவிட எடுப்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எஞ்சின் விசையோடு சுற்றும்போது பற்கள் ஒன்றையொன்று இறுகக் கடித்திருக்கும், இழுத்தாலும் விடாது. அதற்காக ஷிஃப்ட் தகட்டில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். கியரிலிருந்து நியூட்ரலுக்கு இழுக்கும்போது கேபிளில் ஏறும் பாரத்தால் ஒரு நெம்புகோல் அசைந்து அந்தச் சுவிட்சை அழுத்தும். எஞ்சினின் தீப்பொறி கண்ணிமைக்கும் நேரத்துக்கு நிற்கும், கடி தளரும், பல் வெளியே வரும், தீப்பொறி திரும்பும். எஞ்சின் லேசாக இடறியது போல் உங்களுக்குக் கேட்கும். (மெர்க்குரூசரின் இன்னொரு வகையான பிராவோ டிரைவில் கூம்பு வடிவக் கிளட்ச் மேற்பெட்டியில் இருப்பதால் இந்த ஏற்பாடு தேவைப்படுவதில்லை.)

இப்போது கீழ்க் கேபிள் துருப்பிடித்துக் கனத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல் வெளியே வந்தபின்னும் கேபிளில் பாரம் குறைவதில்லை. நெம்புகோல் அசைந்தபடியே நிற்கிறது, சுவிட்ச் அழுத்தியபடியே இருக்கிறது. எஞ்சின் செத்துவிடும். நியூட்ரலுக்கு வரும்போதெல்லாம் எஞ்சின் நின்றுபோனால் எரிபொருளையும் தீப்பொறிக் கட்டைகளையும் சந்தேகப்படுவதற்கு முன் கீழ்க் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் அப்படியொரு படகோடு வந்தார். துறையை நெருங்கும்போதெல்லாம் எஞ்சின் நிற்கிறது. தெரிந்த ஒருவர், கேபிளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் பித்தளை உருளையைத் திருகிக் கொடுத்திருக்கிறார், ஒரு கிழமை நன்றாக இருந்திருக்கிறது. மறுபடி நின்றது, மறுபடி திருகல். மூன்றாம் தரம் அந்தத் தெரிந்தவர் சுவிட்சின் வயரையே கழற்றிவிட்டார். எஞ்சின் நிற்பது நின்றது. எல்லாருக்கும் சந்தோஷம். குடும்பத்தோடு ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியில் போனார்கள். ஒன்ராறியோ ஏரியையும் ஜோர்ஜியன் குடாவையும் இணைக்கும் 386 கிலோமீற்றர் பாதை, வழி நெடுகப் படகை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகள். பூட்டுக்குள் நுழைந்ததும் நியூட்ரல், பிறகு ரிவர்ஸ் போட்டுப் படகை நிறுத்த வேண்டும். படகுக்கு வேறு பிரேக் கிடையாது. கைப்பிடியை இழுத்திருக்கிறார், கடி விடவில்லை. முன்னால் நின்ற படகில் போய் முட்டியது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை, இரண்டு படகிலும் ஃபைபர் உடைந்தது. அந்தச் சுவிட்சைப் பிரச்சினை என்று நினைத்துக் கழற்றுகிறவர்களை நான் இன்றும் சந்திக்கிறேன். சுவிட்ச் தன் வேலையைத்தான் செய்தது, கேபிள் கெட்டுவிட்டது என்று அது அவருக்கு மூன்று தரம் சொல்லியிருக்கிறது.

ஆகவே திருகுவதற்கு முன் எந்தக் கேபிள் கனக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். படகு ட்ரெயிலரில் இருக்கட்டும். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து உங்கள் சட்டைப்பையில் போடுங்கள். அதை வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம். கைப்பிடியிலிருந்து வரும் கேபிளின் முனையை ஷிஃப்ட் தகட்டில் கழற்றிவிட்டுக் கைப்பிடியை அசைத்துப் பாருங்கள். அது இலேசாகப் போனால் மேல்பக்கம் நல்லது. பிறகு தகட்டு நெம்புகோலைக் கையால் தள்ள வேண்டும், அதே நேரம் இன்னொருவர் பின்னால் நின்று புரொப்பல்லரைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். சுற்றாமல் தள்ளினால் பல்லின் மேல் பல் முட்டி நிற்கும், நீங்கள் பலத்தைக் காட்டினால் ஏதாவது வளையும். நல்ல கேபிள் வழுக்கிக்கொண்டு போகும். டிரைவை முழுக்க இடப்பக்கமும் பிறகு வலப்பக்கமும் திருப்பி வைத்து இதையே செய்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கனத்தால் பெரும்பாலும் வளைவில் கேபிள் கெட்டிருக்கிறது. எண்ணெய் விட்டு உயிர்கொடுக்கலாம் என்பார்கள். நான் விடுவதில்லை, ஒரு மாதத்தில் அதே வேலைக்குத் திரும்பப் போக வேண்டியிருக்கும்.

கேபிள்கள் நல்லவை என்று தெரிந்தபின்தான் அட்ஜஸ்ட்மென்ட். அது சின்ன வேலை, வரிசைதான் முக்கியம். கீழ்க் கேபிள் முதலில். ஆல்ஃபாவில் கேபிள் முனைத் துளையின் நடுவிலிருந்து பித்தளை உருளையின் நடு வரை 6 அங்குலம் என்பது கணக்கு. அதைக் கண்ணால் மதிக்காமல் அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். அது சரியானபின் மேல்கேபிள். எந்தக் கேபிளிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். கைப்பிடியைக் கையேடு சொல்லும் நிலையில் வைத்து, கேபிள் முனையை உள்ளே தள்ளி ஒரு கோடு, வெளியே இழுத்து ஒரு கோடு போடுங்கள். இரண்டுக்கும் நடுவில் முனையை நிறுத்தி, உருளை தன் ஆணியில் இழுவையில்லாமல் போய் உட்காரும்வரை அதைத் திருகுங்கள். ஒரு ஓரத்தில் வைத்துப் பூட்டினால் ஒரு கியர் முழுதாக விழும், மற்றது அரைகுறையாக விழும். அரைகுறையாகக் கடித்த பல் எவ்வளவு நாள் தாங்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நட்டை இறுக்கி அப்படியே விட்டுவிடாதீர்கள், முட்டும்வரை இறுக்கி அரைச் சுற்று திருப்பி விட வேண்டும், உருளை ஆணியில் அசைய இடம் வேண்டும். கழற்றிய கோட்டர் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடுகிற பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. ஒரு டொலருக்கும் குறைவான சாமான், புதிதாகப் போடுங்கள்.

முடிந்ததும் எஞ்சினை இயக்காமலே சோதிக்கலாம். நியூட்ரலில் புரொப்பல்லர் இரண்டு பக்கமும் தாராளமாகச் சுற்ற வேண்டும். முன், பின் கியர்களில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு இயக்குவதென்றால் டிரைவுக்குத் தண்ணீர்க் குழாய் கொடுங்கள். ஆல்ஃபாவில் தண்ணீர்ப் பம்ப் டிரைவுக்குள்ளேயே இருக்கிறது, காய்ந்து ஓடினால் அதன் ரப்பர் இறக்கை சீக்கிரமே போய்விடும். பெற்றோல் எஞ்சின் பெட்டிக்குள் வேலை பார்த்துவிட்டு இயக்கும் முன், பெற்றோல் ஆவியை வெளியேற்றும் காற்றூதியை 4 நிமிடமாவது ஓட விடுங்கள். கனடாவில் அதுதான் விதி.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கைப்பிடி காட்டுவது கைப்பிடியின் நிலையை மட்டும்தான். தவறாகத் திருகிய கேபிளில், கைப்பிடி நியூட்ரலில் நிற்க, கீழே பல் இன்னும் கடித்துக்கொண்டிருக்கலாம். பரிசோதனைக்காக ஒரு படகை ஏரிக்குள் கொண்டுபோய், எஞ்சின் ஓட நியூட்ரலில் நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் கரை கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனது. காற்று இல்லை, அலை இல்லை. எட்டிப் பார்த்தால் புரொப்பல்லர் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதல் நாள் அதே படகில் பிள்ளைகள் பின் ஏணியில் ஏறுவதும் குதிப்பதுமாக இருந்ததாக உரிமையாளர் சொன்னார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாம், "நியூட்ரலில்தானே" என்றாராம். ஸ்டெர்ன் டிரைவ் படகில் அந்த ஏணிக்கு நேர் கீழேயோ பக்கத்திலோதான் புரொப்பல்லர் இருக்கிறது. என்னோடு படகில் வருகிறவர்களுக்கு நான் வைத்திருக்கும் சட்டம், ஏணி தண்ணீரில் இறங்கினால் சாவி வெளியே வர வேண்டும்.

ஒக்டோபரில் படகைக் கரையேற்றும்போது டிரைவைத் தூக்கி வைத்துவிட்டுப் போகாதீர்கள், கீழே இறக்கி வையுங்கள். உள்ளே நிற்கும் தண்ணீர் வடியும், பெல்லோஸும் இழுபடாமல் கிடக்கும். வேறு வேலைக்காக டிரைவைக் கழற்றும் வருடத்தில் பெல்லோஸ்களையும் கீழ்க் கேபிளையும் பார்க்கச் சொல்லுங்கள். டிரைவைக் கழற்றிப் பூட்டுவதுதான் கூலியில் பெரும் பங்கு.

பூட்டில் முட்டிய அந்தப் படகின் கேபிளை மாற்றியபோது, பழையதை ஒரு அடி நீளத்துக்குக் கத்தியால் பிளந்து பார்த்தேன். செம்மண் போல் துரு கொட்டியது. பிளக்காத மீதித் துண்டு இப்போது பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. "ஒருக்கா அட்ஜஸ்ட்" என்று வருகிறவர்களின் கையில் அதைக் கொடுத்து, உள்கம்பியை இழுத்துப் பாருங்கள் என்பேன். இரண்டு கையாலும் இழுப்பார்கள்.