விளாதிமிர்: ஒரு பெயருக்குள் மூன்று மொழிகளின் வரலாறு

ரஷ்யர்கள் விளாதிமிர் என்றும், உக்ரைனியர்கள் வோலோதிமிர் என்றும், போலந்து மக்கள் வ்வொஜிமியெஷ் என்றும் அழைக்கும் மூன்று பெயர்களும் அடிப்படையில் ஒன்றே. ஸ்லாவிய இனத்தவர் ஏறக்குறைய ஒரே மொழியைப் பேசிவந்த காலத்தில் அப்பெயர் 'வோல்திமேர்' என்பதற்கு நெருக்கமாக ஒலித்தது என்று ஒப்பீட்டு மொழியியலாளர்கள் மீட்டுருவாக்கம் செய்துள்ளனர். 'வோல்தி' என்பது ஆளுதலையும், 'மேர்' என்பது பெருமையையும் குறித்தன. எனவே 'ஆட்சியில் பெரியவன்' என்பதே அதன் பொருள்.

ஒரே பெயர் மூன்றாகப் பிரிந்ததற்குத் தற்செயல் காரணமன்று. பழைய ஸ்லாவிய மொழியில் ஒவ்வோர் அசையும் உயிரொலியில் முடிய வேண்டும் என்ற போக்கு காலப்போக்கில் வலுப்பெற்றது. 'வோல்' என்ற அசை மெய்யொலியில் முடிந்ததால் அந்தப் போக்கோடு மோதியது. அந்த மோதலை ஒவ்வொரு வட்டாரமும் தனக்கே உரிய முறையில் தீர்த்துக்கொண்டது. பல்கேரியா, செர்பியா போன்ற தெற்குப் பகுதிகளில் லகரமும் உயிரும் இடம்மாறி, உயிர் நீண்டு 'விளாத்' ஆயிற்று. செக் மொழியும் இவ்வழியே சென்றது. கிழக்கில் லகரத்துக்குப் பின் இன்னோர் உயிரைச் சேர்த்து 'வோலோத்' என்றனர். போலந்தில் ஒலிகள் இடம்மாறின, ஆனால் உயிர் நீளவில்லை. இது இந்த ஒரு பெயருக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. அரண்சூழ்ந்த ஊரைக் குறித்த 'கோர்த்' என்ற சொல் தெற்கே பெல்கிரேடு என்ற நகரப் பெயரில் 'கிராத்' ஆகவும், கிழக்கே நோவ்கொரோத் என்ற பெயரில் 'கொரோத்' ஆகவும் நிற்கிறது. பசுவைக் குறிக்கும் சொல்லும் பல்கேரியரிடம் 'கிராவா', ரஷ்யரிடம் 'கொரோவா', போலந்தில் 'கிரோவா' என்று இதே விதிக்குக் கட்டுப்படுகிறது.

இந்த மாற்றம் எப்போது நிகழ்ந்தது என்பதற்கு வியப்பூட்டும் சான்று ஒன்று உண்டு. 814இல் இறந்த பிராங்கியப் பேரரசர் கார்லின் பெயரே ஸ்லாவிய மொழிகளில் 'அரசன்' என்ற பொதுச்சொல்லாக மாறியது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அச்சொல் இன்று செக் மொழியில் 'கிரால்', ரஷ்யத்தில் 'கொரோல்', போலிஷில் 'குருல்' என்று வழங்குகிறது. ஓர் அரசரின் பெயர் கடன்சொல்லாக நுழைந்த பின்னும் இந்த விதிக்கு உட்பட்டிருக்கிறது என்றால், 800ஆம் ஆண்டையொட்டிய காலத்திலும் மாற்றம் முடிந்துவிடவில்லை என்றாகிறது. கல்வெட்டோ ஓலையோ இல்லாத காலத்தின் பேச்சொலிக்குக் காலம் கணிக்கும் இத்தகைய திறமே ஒப்பீட்டு மொழியியலின் பெருஞ்சிறப்பு என்று கருதுகிறேன்.

அப்படியானால் கிழக்கு வட்டாரத்தைச் சேர்ந்த ரஷ்யரிடம் தெற்கத்திய வடிவம் எப்படி வந்தது? கீவ் இளவரசர் விளாதிமிர் 988இல் கிறித்தவத்தை ஏற்றபோது, வழிபாட்டு நூல்கள் பல்கேரியாவில் வேரூன்றியிருந்த தெற்கு ஸ்லாவிய எழுத்துமொழியில் வந்துசேர்ந்தன. அந்த மொழியின் செல்வாக்கால் ரஷ்யத்தில் 'விளாதிமிர்' என்பதே முறையான வடிவமாக நிலைத்தது. ஆனால் வீட்டில் அன்பாக அழைக்கும்போது ரஷ்யர்கள் இன்றும் 'வோலோத்யா' என்கிறார்கள். அந்தச் செல்லப்பெயர் பழைய கிழக்கு ஒலியை விடாமல் வைத்திருக்கிறது.

பெயரின் பிற்பகுதியும் மாறியது. 'மேர்' என்பதன் உயிரொலி இகரத்தை நெருங்கியபோது, அமைதியையும் உலகையும் குறிக்கும் 'மிர்' என்ற சொல்லோடு மக்கள் அதைச் சேர்த்துப் புரிந்துகொண்டனர். 'உலகை ஆள்பவன்' என்று இன்று பலரும் தரும் விளக்கம் இப்படிப் பின்னாளில் பிறந்ததே. மூலப்பொருளுக்குச் சான்று ஜெர்மானியப் பெயர்களில் கிடைக்கிறது: ஐந்தாம் நூற்றாண்டு கோத்திய அரசர்களான வாலமிர், தியோதிமிர் ஆகியோரின் பெயர்களிலும் புகழைச் சுட்டும் இதே உறுப்பு இருக்கிறது. ஸ்லாவியர் இந்த உறுப்பை அவர்களிடமிருந்து பெற்றார்களா, இரு இனத்தவரும் பொது முன்னோரிடமிருந்து பெற்றார்களா என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை.

கிறித்தவம் பரவியபின் பழைய ஸ்லாவியப் பெயர்கள் பல மறைந்தன, ஏனெனில் திருச்சபையின் புனிதர் நாட்காட்டியில் உள்ள பெயர்களையே குழந்தைகளுக்குச் சூட்டும் வழக்கம் உறுதிப்பட்டது. நோவ்கொரோத் ஆட்சியாளர் ஓஸ்த்ரோமிர் 1056–57இல் எழுதுவித்த நற்செய்தி நூல் இன்றும் இருக்கிறது. அவருடைய பெயரோ வழக்கொழிந்தது. ஞானஸ்நானத்தில் வசீலி என்ற பெயரைப் பெற்றிருந்தும், கீவ் இளவரசர் தம் பழைய பெயராலேயே புனிதராகப் போற்றப்பட்டார். அதனால் அப்பெயர் நாட்காட்டியில் இடம்பெற்றுப் பிழைத்தது.

அவருக்கு முன்பே 889 முதல் 893 வரை பல்கேரியாவை ஆண்ட விளாதிமிர், பழைய சமயத்தை மீட்க முயன்று, துறவு பூண்டிருந்த தம் தந்தை முதலாம் போரிஸாலேயே பதவி நீக்கப்பட்டுக் கண்கள் குருடாக்கப்பட்டார். 1131இல் பிறந்த டென்மார்க் அரசர் முதலாம் வால்டெமாருக்கோ, தாய்வழிக் கொள்ளுத்தாத்தாவான கீவ் இளவரசர் விளாதிமிர் மோனோமாக்கின் பெயரே ஜெர்மானிய வடிவில் சூட்டப்பட்டது.

அறிவியலாளரிடையே தொலைக்காட்சித் தொழில்நுட்பத்தின் முன்னோடி விளாதிமிர் சுவோரிக்கின் இப்பெயரினரே. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1846இல் பிறந்த விளாதிமிர் கோப்பன் வகுத்த தட்பவெப்ப வகைப்பாட்டை இந்தியப் புவியியல் பாடநூல்களும் பயன்படுத்துகின்றன. கோடையில் வறண்டு பின் மழைபெறும் சோழமண்டலக் கடற்கரைக்கு அதில் தனிக் குறியீடே உண்டு. உயிர்க்கோளம் பற்றிய கோட்பாட்டை வளர்த்த வெர்னாத்ஸ்கி, 1918இல் தொடங்கிய உக்ரைனிய அறிவியல் கழகத்தின் முதல் தலைவர். ரஷ்ய நூல்களில் அவர் விளாதிமிர், உக்ரைனிய நூல்களில் வோலோதிமிர்.