விரல் நுனியில் 92: ஆக்ஸிமீட்டரைப் படிப்பது எப்படி

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர், கோவிட் காலத்தில் வாங்கியது, மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பல வீடுகளில் இன்னும் டிவி மேசை டிராயருக்குள் கிடக்கிறது. நோய்த்தொற்று அடங்கியதும் பெரும்பாலோர் அதை மறந்துவிட்டார்கள். சிஓபிடி எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களும், நுரையீரலில் தழும்பு கட்டிப்போனவர்களும் மறக்கவில்லை. பால்மரம் சீவி ஓய்வு பெற்ற பெரியவர் இருக்கும் வீடு என்றால், காலைத் தேத்தண்ணிக்கு முன் ஒரு தடவை, படுக்கப் போகுமுன் ஒரு தடவை விரலில் மாட்டிப் பார்ப்பார்கள். 95 வந்தால் நிம்மதி. 91 வந்தால் மகனுக்கு போன் பறக்கும்.

95 வந்தாலே நிம்மதி அடையலாமா என்பதுதான் கேள்வி.

முதலில், கருவி எதை அளக்கிறது? ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஒவ்வொரு ஹீமோகுளோபின் மூலக்கூறும் நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் சுமக்கும். நான்கு பேர் உட்காரும் தோட்டத்து வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த இருக்கைகளில் நிரம்பியவை எத்தனை விழுக்காடு என்பதுதான் திரையில் தெரியும் எண். வண்டிகள் எத்தனை ஓடுகின்றன என்று அது சொல்லாது. ரத்தசோகையால் ஹீமோகுளோபின் 14 கிராமிலிருந்து 7 கிராமுக்கு இறங்கியவருக்கும் 98 காட்டும். ஆனால், அவர் உடலுக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜன் ஏறக்குறைய பாதிதான். எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்குகிறது என்றால், கிளினிக்கில் ரத்தத்தையும் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

ஊசி குத்தாமல் இதை எப்படி அளக்கிறார்கள்? கருவியின் ஒரு பக்கத்தில் இரண்டு சிறு விளக்குகள், எதிர்ப்பக்கத்தில் ஓர் ஒளி உணரி. ஒரு விளக்கு 660 நானோமீட்டர் அளவில் சிவப்பு ஒளியையும், மற்றது 940 நானோமீட்டர் அளவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்துகின்றன. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பைக் கூடுதலாக உறிஞ்சும். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் சிவப்பைக் கூடுதலாக உறிஞ்சும். சிக்கல் என்னவென்றால் தோல், எலும்பு, நகம், சிரை ரத்தம் எல்லாமே ஒளியை விழுங்குகின்றன. தமனி ரத்தத்தின் பங்கை மட்டும் எப்படிப் பிரிப்பது?

விடையைக் கண்டவர் ஜப்பானின் நிஹோன் கோடென் நிறுவனப் பொறியாளர் தக்குவோ ஆயோகி. 1970-களின் தொடக்கத்தில் அவர் தேடியது வேறொன்று. ரத்தத்தில் சாயம் செலுத்தி, காதுமடல் வழியே ஒளி பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்று அளக்க முயன்றார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்தது. அந்தத் துடிப்பை நீக்க இரண்டு நிற ஒளிகளின் விகிதத்தை எடுத்தார். ஆக்சிஜன் அளவு மாறும்போது அந்தக் கணக்கும் பிசகியது. அப்படியானால் ஆக்சிஜனையே இதை வைத்து அளக்கலாமே என்று தோன்றியது. துடிப்பது தமனி ரத்தம் மட்டும்தான். வந்து சேரும் ஒளியில் துடிக்கும் பங்கை மட்டும் பிரித்தெடுத்தால் போதும், மற்றதெல்லாம் கழிந்துவிடும். தொந்தரவாக வந்ததே அளவுகோல் ஆகிவிட்டது. ஆயோகி 2020 ஏப்ரலில் காலமானார், உலகமே அவருடைய கருவியைத் தேடிக் கடை கடையாக அலைந்த நேரத்தில்.

இனி அந்த 95-க்கு வருவோம். ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசம் இருந்தால் ஹீமோகுளோபின் 97, 98 விழுக்காடு நிரம்பியிருக்கும். அழுத்தம் 60-க்கு இறங்கினாலும் 90 விழுக்காடு நிரம்பியே இருக்கும். அழுத்தத்தில் 40 போயும் எண்ணில் ஏழெட்டுதான் குறைந்தது. அங்கிருந்து இன்னும் 20 மட்டும் இறங்கி 40-ஐத் தொட்டால், எண் 75-க்குச் சரிந்துவிடும். ஆக, மேல்மட்டத்தில் கருவி கொஞ்சம் மந்தம். நுரையீரல் தன் கையிருப்பில் பெரும்பகுதியை இழந்த பிறகும் அது 93, 94 என்று காட்டிக்கொண்டிருக்கும். 90-க்குக் கீழே போனாலோ சின்னச் சளிக்காய்ச்சல்கூட எண்ணை மளமளவென்று இறக்கிவிடும். இதனால், எப்போதும் 96 காட்டியவருக்கு இந்த வாரம் 93 வருவதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வருடக்கணக்கில் 91-லேயே நிற்பவரின் 91 அந்த அளவுக்குப் பயமுறுத்தாது.

கேமரன் மலை போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆரோக்கியமானவர்களுக்கு அது தெரியவே தெரியாது. கீழே 91 காட்டுபவர் ஸ்ட்ராபெரி தோட்டம் பார்க்கக் கிளம்புமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

நம்மவர்கள் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று தோல் நிறம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் துடிப்பதில்லை. ஆகவே அது கணக்கில் வரவே கூடாது என்கிறது கோட்பாடு. நடைமுறையில் வருகிறது. 2020 டிசம்பரில் வெளியான மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி ரத்தத்தை நேரடியாகச் சோதித்தார்கள். உண்மையில் 88-க்கும் கீழே இருந்த நேரங்கள் வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு. அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பின் 2013 வழிகாட்டுதலின்படி, கருவியைப் பத்துப் பேரிடம் சோதித்து, அதில் இரண்டு பேர் கருமையான தோல் உள்ளவர்களாக இருந்தால் போதும். வெயிலில் கறுத்த தோட்டத்து விரல்களுக்கு இது போதுமா? போதாது என்றே நினைக்கிறேன். மாநிறமும் கறுப்புமான நம் விரல்களில் 92 என்பது 92-ஆகவும் இருக்கலாம், 89-ஆகவும் இருக்கலாம். தனி எண்ணைவிட அது போகும் திசையை நம்புங்கள்.

சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஏமாற்றம் இன்னும் அதிகம். சிகரெட் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் இந்தக் கருவி ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணிக்கொள்ளும்.

அளக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுக்க வேண்டும். கை கதகதப்பாக இருக்க வேண்டும். நகப்பூச்சும் கருத்த மருதாணியும் உள்ள விரலைத் தவிர்க்கவும். எண் ஒரு நிலைக்கு வரும்வரை ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும்.

“மாமா, விரல ஆட்டாதீங்க.”

“நான் எங்கம்மா ஆட்டுறேன், அதுவா நடுங்குது.”

மாமா சொல்வது உண்மைதான். மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமால் பம்பு அடித்த பிறகு கை நடுங்குவது சகஜம். சற்றுப் பொறுத்து அளக்கலாம். திரையில் வரும் நாடி எண் மணிக்கட்டில் எண்ணியதோடு ஒத்துப்போனால்தான் ஆக்சிஜன் எண்ணையும் நம்பலாம். நுரையீரல் தழும்பு நோய் உள்ளவர்கள் நடந்துவிட்டும் அளக்க வேண்டும். உட்கார்ந்திருக்கையில் 95 காட்டுபவருக்குக் கழிவறை வரை போய்வந்ததும் 85 காட்டுவது அபூர்வமல்ல.

எண் குறைந்தால் வீட்டு ஆக்சிஜன் இயந்திரத்தைக் கூட்டிவிடலாமே என்று தோன்றும். கூடாது. சிஓபிடி முற்றிய சிலருக்கு ஆக்சிஜன் மிகுந்தால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும். காற்று சரியாகப் போகாத நுரையீரல் பகுதிகளுக்கு ரத்தம் செல்வதை உடல் தானே குறைத்து வைத்திருக்கும். அதிக ஆக்சிஜன் அந்த ஏற்பாட்டைக் கலைத்துவிடுகிறது. காரணங்களில் இது ஒன்று. 2010-ல் வெளிவந்த தாஸ்மானிய ஆய்வில், ஆம்புலன்ஸிலேயே ஆக்சிஜனை 88 முதல் 92-க்குள் நிறுத்தி அளவோடு கொடுத்தபோது, தாராளமாகக் கொடுத்ததைவிட இறப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. தேங்கும் கரியமில வாயுவை விரல் கருவியால் பார்க்கவே முடியாது. 97 காட்டிக்கொண்டிருக்க, ஆள் மட்டும் மயக்கத்தில் சரிந்துகொண்டிருக்கலாம். காலையில் தலைவலி, பகலில் தூக்கம் தூக்கமாக வருவது, பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள்.

உங்களுக்குரிய எல்லை எதிலிருந்து எதுவரை என்பதை மருத்துவரிடம் கேட்டுக் கருவியின் முதுகிலேயே எழுதி ஒட்டிவையுங்கள். அது 88–92 என்றால் 98 காட்டுவதும் நல்ல செய்தி அல்ல. புகைமூட்டக் காலத்தில் அளப்பதைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க மூச்சு இல்லை, ஆள் குழம்புகிறார், உதட்டின் உட்பக்கமோ நாக்கோ நீலம் பூத்திருக்கிறது என்றால், திரை என்ன காட்டினாலும் 999-ஐ அழையுங்கள்.