காலத்தை நிறுத்திப் பழகுதல்: ஒளிப்படப் பயிற்சி திரைப்படக் கண்ணை உருவாக்கும் விதம்

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில், லைட்ஸ் ஒளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பார்னாக், 1914ஆம் ஆண்டை ஒட்டிக் கைக்கு அடக்கமான ஒரு கேமராவைச் செய்து முடித்தார். அதற்குள் அவர் இட்டது திரைப்படக் கேமராக்களில் ஓடிக்கொண்டிருந்த அதே 35 மி.மீ. படச்சுருள். திரைப்படக் கேமராவில் அந்தச் சுருள் செங்குத்தாக ஓடும். ஒவ்வொரு பிரேமும் 18 × 24 மி.மீ. அளவுடையது. பார்னாக் அதைப் படுக்கைவாட்டில் ஓடவைத்து, இரண்டு பிரேம்களின் இடத்தில் 24 × 36 மி.மீ. அளவுள்ள ஒரே படத்தை எடுத்தார். 1925இல் லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்த கேமராவின் பட அளவு அதுதான். இன்று ‘ஃபுல் பிரேம்’ என்று நாம் சொல்லும் டிஜிட்டல் சென்சாரின் அளவும் அதுவே.

ஒளிப்படமும் திரைப்படமும் ஒரே சுருளில் பிறந்த உறவினர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், ஒன்றில் செய்யும் பயிற்சி மற்றொன்றில் ஏன் பலிக்கிறது என்பது விளங்கும். லென்ஸ் ஒளியை வளைக்கும் விதி இரண்டுக்கும் பொது. ஒளி பரவும் விதியும், பார்ப்பவரின் கண் இயங்கும் விதமும் பொதுவானவையே. திரைப்படத்தில் கூடுதலாக வந்து சேர்வது காலம். வினாடிக்கு 24 பிரேம் என்ற கணக்கில் இரண்டு மணி நேரப் படத்தில் 1,72,800 பிரேம்கள் ஓடிவிடுகின்றன. புதிதாக வீடியோ எடுக்கத் தொடங்குபவரின் ஷாட்டில் நடிகர் நகர்கிறார், கேமரா அசைகிறது, ஃபோகஸ் விலகுகிறது, முகத்தில் விழும் ஒளி மாறுகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஷாட் சரியாக வரவில்லை என்பது தெரிகிறது, ஆனால் எதனால் என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. ஆய்வகத்தில் ஒன்றின் விளைவை அறிய விரும்புபவர் மற்றவற்றையெல்லாம் மாறாமல் வைத்துக்கொண்டு அந்த ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பார். ஒளிப்படம் எடுப்பவருக்கு அந்த வசதி இயல்பாகவே கிடைத்துவிடுகிறது. காலம் நின்றுவிடுவதால், மீதமுள்ளவற்றை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கலாம்.

முதலில் ஒளியை எடுத்துக்கொள்வோம். இப்பயிற்சியின் பலனில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. இருட்டான, விசாலமான ஓர் அறையில் மறைப்பேதும் இல்லாத ஒரு சிறிய மின்விளக்கை வைத்து, அதிலிருந்து 1 மீட்டர் தொலைவில் ஒருவரை அமர்த்துங்கள். அவருக்குப் பின்னால் இன்னும் 1 மீட்டர் தள்ளி வெள்ளைச் சுவர் இருக்கட்டும். கேமராவைத் தானியங்கி நிலையிலிருந்து எடுத்துவிட்டு, முகத்துக்கு ஏற்ற எக்ஸ்போஷரை (கேமரா வாங்கும் ஒளியின் அளவை) கையால் அமைத்து ஒரு படம் எடுங்கள். சிறிய விளக்கிலிருந்து வரும் ஒளியின் செறிவு, தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். முகம் 1 மீட்டரிலும் சுவர் 2 மீட்டரிலும் இருப்பதால், முகத்தில் விழும் ஒளியில் நான்கில் ஒரு பங்குதான் சுவரில் விழும். ஒளிப்பதிவாளர்களின் கணக்கில் அது 2 ஸ்டாப் குறைவு (ஒளி பாதியானால் ஒரு ஸ்டாப் குறைவு). படத்தில் சுவர் நன்றாக இருண்டு, முகம் தனித்து நிற்கும். இப்போது விளக்கை 4 மீட்டருக்குப் பின்னுக்கு நகர்த்தி, முகத்தின் பிரகாசம் முன்பிருந்த அளவுக்கே வரும்படி எக்ஸ்போஷரைத் திருத்தி, இன்னொரு படம் எடுங்கள். சுவர் இப்போது விளக்கிலிருந்து 5 மீட்டரில் இருக்கிறது; 16க்கும் 25க்கும் உள்ள விகிதப்படி அதற்கு முகத்தின் ஒளியில் 64 சதவீதம் கிடைக்கிறது. வேறுபாடு ஏறத்தாழ மூன்றில் இரண்டு ஸ்டாப்பாகச் சுருங்கிவிடுகிறது. ஆளும் விளக்கும் சுவரும் மாறவில்லை. ஆனால் முதல் படத்தில் இரவும் தனிமையும், இரண்டாவதில் சாதாரணமான ஓர் அறையும் தெரியும்.

இந்த இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தவருக்குப் படப்பிடிப்புத் தளத்தின் ஒரு நடைமுறை தானாகவே புரியும். 1 மீட்டர் தொலைவில் விளக்கு இருக்கும்போது நடிகர் அதை நோக்கி அரை மீட்டர் நகர்ந்தால், முகத்தின் ஒளி நான்கு மடங்காகி வெளிறிப்போகும். விளக்கு 4 மீட்டரில் இருந்தால், அதே அரை மீட்டர் நகர்வுக்கு மூன்றில் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல்தான் மாற்றம் இருக்கும். நடிகர் நடமாட வேண்டிய காட்சியில் விளக்குகளைத் தொலைவில் வைத்து, அவற்றின் திறனைக் கூட்டிக்கொள்வதற்கு இதுவே முதன்மையான காரணம்.

ஒளியின் மென்மையையும் இப்படியே கற்கலாம். நிழலின் விளிம்பு கூர்மையாக இருக்குமா, கரைந்து போகுமா என்பது, முகம் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஒளிமூலம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. சூரியன் மிகப் பெரியது என்றாலும் நம் கண்ணுக்கு அது ஏறத்தாழ அரை பாகை அகலம்தான். ஆகவே வெயிலின் நிழல் வெட்டியதுபோல் விழுகிறது. மேகம் மூடிய நாளில் வானம் முழுவதுமே விளக்காகிவிடுவதால் நிழல் கரைந்துவிடுகிறது. 1955இல் வெளிவந்த சத்யஜித் ராயின் ‘பாதேர் பாஞ்சாலி’க்கு ஒளிப்பதிவு செய்யும்வரை திரைப்படக் கேமராவை இயக்கியே இராத சுப்ரதா மித்ரா, அடுத்து ‘அபராஜிதோ’வில் பணியாற்றியபோது, திறந்த முற்றமுள்ள ஒரு வீட்டை ஸ்டுடியோவுக்குள் அரங்கமாக அமைக்க வேண்டியிருந்தது. அத்தகைய முற்றத்தில் பகல் வெளிச்சம் மேலே தெரியும் வானத்திலிருந்து நிழலின்றி இறங்கும் என்பதை அவர் கவனித்திருந்தார். ஆகவே அரங்கத்தின் மேல் வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அதன்மீது அடித்து, திரும்பி வரும் ஒளியில் படமெடுத்தார். இத்தகைய தீர்வு, கருவியைப் பற்றிய அறிவைவிட, ஒளி எங்கிருந்து வருகிறது என்று நின்று பார்த்துப் பழகிய கண்ணிலிருந்தே பிறக்க முடியும்.

லென்ஸைப் பற்றி நிலவும் ஒரு பிழையான எண்ணத்தையும் ஒளிப்படம் விரைவில் திருத்திவிடும். ‘வைட் லென்ஸ் முகத்தைக் கெடுக்கும், டெலி லென்ஸ் முகத்தை அழகாக்கும்’ என்று பலர் சொல்லக் கேட்டிருப்போம் (வைட் லென்ஸ் பரந்த பரப்பைக் காட்டுவது, டெலி லென்ஸ் தொலைவில் இருப்பதைப் பெரிதாகக் காட்டுவது). முகத்தின் வடிவத்தை மாற்றுவது உண்மையில் கேமரா நிற்கும் தொலைவுதான். மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே 12 செ.மீ. ஆழம் இருப்பதாகக் கொள்வோம். கேமரா மூக்கிலிருந்து 50 செ.மீ. தொலைவில் நின்றால், காது 62 செ.மீ. தொலைவில் இருக்கும், மூக்கு காதைக் காட்டிலும் 24 சதவீதம் பெரிய அளவில் பதிவாகும். 2 மீட்டருக்குப் பின்வாங்கினால் அந்த வேறுபாடு வெறும் 6 சதவீதம். வைட் லென்ஸ் நம்மை அருகே போகத் தூண்டுகிறது, அவ்வளவுதான். ஒரே இடத்தில் நின்று 35 மி.மீ. வைட், 85 மி.மீ. டெலி லென்ஸ்களால் தனித்தனியே படம் எடுத்து, முதல் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிப் பாருங்கள். முகத்தின் வடிவம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். இதை ஒருமுறை கண்ணால் கண்டவர், குளோசப் எடுக்கும்போது ஜூம் வளையத்தைத் திருப்புவதா, கேமராவை எடுத்துக்கொண்டு நடப்பதா என்பதை யோசித்து முடிவெடுப்பார்.

இதுவரை சொன்னவை அப்படியே திரைப்படத்துக்குப் பொருந்துபவை. ஷட்டர் விஷயத்தில் மட்டும் ஒளிப்படக்காரர் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஓடும் குழந்தையை எடுக்க அவர் 1/500 வினாடியைத் தேர்வார். திரைப்படத்திலோ வினாடிக்கு 24 பிரேமில் வழக்கமான 180 பாகை ஷட்டருக்கு (ஒரு பிரேமுக்குரிய நேரத்தில் பாதி திறந்திருப்பது), ஒவ்வொரு பிரேமும் 1/48 வினாடி ஒளியை வாங்குகிறது. பிரேமின் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு 2 வினாடியில் நடந்து கடக்கும் ஒருவர், அந்த 1/48 வினாடிக்குள் பிரேம் அகலத்தில் 96இல் ஒரு பங்கு நகர்ந்திருப்பார். 1920 பிக்சல் அகலமுள்ள படத்தில் அது 20 பிக்சல் நீளமுள்ள ஒரு மங்கல். தனியாக எடுத்துப் பார்த்தால் குறைபோலத் தோன்றும் அந்த மங்கல்தான், ஒரு பிரேமை அடுத்ததோடு இழைத்து, அசைவைத் தடங்கலின்றிக் காட்டுகிறது. அதை நீக்கிவிட்டால் உருவம் தத்தித் தத்தி நகர்வதாகத் தெரியும். ஆகவே திரைப்படத்துக்காகப் பழகுபவர், தம் ஒளிப்படக் கேமராவை 1/50இல் நிறுத்திவைத்துவிட்டு, நடப்பவர்களையும் திரும்பும் தலைகளையும் வீசும் கைகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100க்கு 1/50 வினாடி என்றால் அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, எஃப்/22 வரை மூட வேண்டியிருக்கும்; எஃப் எண் கூடக் கூடத் துளை சிறியதாகும், ஃபோகஸுக்குள் இருக்கும் ஆழம் கூடும். பின்னணி மங்கலாக எஃப்/2.8 வேண்டுமானால் 6 ஸ்டாப் ஒளியை வடிகட்ட வேண்டும். அதாவது 64இல் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும் என்.டி. ஃபில்டர் தேவை. படப்பிடிப்பில் அந்த ஃபில்டர்கள் ஏன் எப்போதும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன என்பது அப்போது தெரியும்.

பிழையை மன்னிக்கும் அளவிலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பு ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகளைப் பதிந்து வைக்கும்; எளிய கேமராக்களின் 8 பிட் வீடியோவில் 256 படிகள்தான். ரா கோப்பில் வெள்ளைச் சமநிலையை (ஒளியின் நிறத்துக்கு ஏற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பை) பிறகு மாற்றிக்கொள்ளலாம். அத்தகைய வீடியோவில் பெரிதாக மாற்றப் போனால் நிறங்கள் உடைந்துவிடும். அதனால் பயிற்சிப் படங்களை, அதே 8 பிட் அளவுள்ள ஜேபெக்கிலேயே எடுங்கள். 16:9 விகிதத்தில், படுக்கைவாட்டில் மட்டும், பிறகு வெட்டித் திருத்துவதில்லை என்ற உறுதியோடு எடுங்கள்.

திரையைப் பார்க்கும் கண்ணைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நம் விழித்திரையில் கூர்மையான பார்வைக்குரிய மையக்குழி, பார்வைப் பரப்பில் ஏறத்தாழ 2 பாகையை மட்டுமே காண்கிறது. கையை நீட்டிப் பிடித்தால் தெரியும் கட்டைவிரல் நகத்தின் அகலம் அது. மீதியெல்லாம் மங்கல்தான். கண் வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை தாவித் தாவி, அந்தச் சிறு சாளரத்தை இடம் மாற்றிக்கொண்டே இருப்பதால் நமக்கு அது உறைப்பதில்லை. சுவரில் தொங்கும் ஒளிப்படத்தை ஒருவர் விரும்பும்வரை நின்று பார்க்கலாம். 3 வினாடி ஷாட்டில் அவர் கண்ணுக்குக் கிடைப்பவை ஒன்பது, பத்துத் தாவல்கள். அதற்குள் எது முக்கியம் என்பது புலப்பட்டாக வேண்டும். நீங்கள் எடுத்த படத்தை ஒரு நண்பரிடம் 2 வினாடி மட்டும் காட்டிவிட்டு மூடி, என்ன பார்த்தார் என்று கேளுங்கள். நீங்கள் காட்ட நினைத்ததை விட்டுவிட்டு ஓரத்தில் இருந்த பளிச்சென்ற சிவப்பு வாளியை அவர் சொன்னால், அந்த பிரேம் திரைக்கு ஆகாது. பிரகாசமான இடமும் மாறுபட்ட நிறமும் மனித முகமும் கண்ணை முதலில் இழுப்பவை. அவற்றின் இடத்தை முன்கூட்டியே தீர்மானிக்கும் பழக்கம் ஒளிப்படத்தில்தான் எளிதாகப் படிகிறது.

ஒரு நல்ல படத்தோடு நின்றுவிட்டால் பயிற்சி பாதியில் நிற்கும். படங்களை வரிசையாக எடுக்கப் பழக வேண்டும். அமெரிக்க இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் 1945இல் தம் 16ஆம் வயதில் ‘லுக்’ இதழுக்கு முதல் ஒளிப்படத்தை விற்றார். பின்னர் 1950 வரை அதே இதழின் ஒளிப்படக்காரராக, பல படங்களால் கதை சொல்லும் கட்டுரைகளை எடுத்து வந்தார். நம் கே. வி. ஆனந்தும் பத்திரிகை ஒளிப்படத்திலிருந்து ஒளிப்பதிவுக்கு வந்தவர்தான். ஒருவர் மிதிவண்டிக்குப் பஞ்சர் ஒட்டுவதை ஆறே படங்களில் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் முயற்சியில் பெரும்பாலும் ஆறும் ஒரே தொலைவிலிருந்து எடுத்தவையாக இருக்கும். அடுக்கினால் கதை நகராது. இரண்டாம் முயற்சியில் தண்ணீருக்குள் அழுத்திய டியூபிலிருந்து குமிழி கிளம்பும் இடத்தை அருகே போய் எடுப்பீர்கள். அடுத்து, குமிழியைப் பார்க்கும் முகம் தேவை என்று தோன்றும். அந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்த உடனே, ‘ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்’ என்ற வாக்கியம், எந்தப் படத்திலும் இல்லாத ஒன்று, பார்ப்பவர் மனத்தில் உருவாகிவிடும். படத்தொகுப்பின் அடிப்படை இதுவேதான். அதைக் கற்க ஒரு வினாடிகூட வீடியோ எடுக்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். சிறந்த ஒளிப்படம் தன்னளவில் முழுமையானது. கண்ணை வெளியே விடாமல் உள்ளேயே சுற்றவைக்கும். ஷாட் அப்படி மூடிக்கொண்டால், அடுத்த ஷாட்டுக்கு அங்கே வேலை இருக்காது. அழகான பிரேம்கள் நிறைந்தும் நகராமல் நிற்கும் குறும்படங்களுக்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன். ஆகவே நிறைவான படங்களோடு, வேண்டுமென்றே நிறைவுறாத படங்களையும் எடுத்துப் பழக வேண்டும்: ஒருவர் இன்னும் நுழையாத கதவு, பார்வை பிரேமுக்கு வெளியே போகும் முகம், யாரோ எழுந்துபோன நாற்காலி.

கேமரா நகரும் ஷாட்டுக்கும் ஒளிப்படத்தாலேயே ஒத்திகை பார்க்கலாம். ஷாட் தொடங்கும் இடத்தில் ஒரு படம், முடியும் இடத்தில் ஒரு படம். 85 மி.மீ. லென்ஸ், எஃப்/2.8, ஃபுல் பிரேம் கேமரா. முதல் இடம் முகத்திலிருந்து 3 மீட்டர், இரண்டாவது 1.2 மீட்டர் என்று கொள்வோம். முதல் படத்தில் ஃபோகஸுக்குள் இருக்கும் ஆழம் ஏறத்தாழ 20 செ.மீ.; முகம் முழுவதும் தெளிவாக இருக்கும். இரண்டாவதில் அது 3 செ.மீ. சொச்சமாகக் குறைந்துவிடும், கண் தெளிவாக இருக்க, காது கரைந்திருக்கும். பேசும்போது மனிதத் தலை சாதாரணமாகவே அந்த அளவுக்கு முன்னும் பின்னும் அசைகிறது. இரண்டு படங்களையும் பார்த்தபின், எஃப்/5.6க்குப் போவதா, ஷாட்டை இன்னும் சற்றுத் தொலைவிலேயே முடித்துக்கொள்வதா என்று முடிவு செய்து, தரையில் டேப் ஒட்டி இரண்டு இடங்களையும் குறித்துவிட்டு, அதன்பிறகு ரெக்கார்டு பொத்தானை அழுத்தலாம்.