58-க்குத் தோற்கும் 60

1857 செப்டம்பரில் எஸ்.எஸ். சென்ட்ரல் அமெரிக்கா என்ற நீராவிக் கப்பல், கலிஃபோர்னியாத் தங்கத்தோடு கரோலினா கரைக்கு அப்பால் புயலில் மூழ்கியது. 1988-ல் சுமார் 2,200 மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். அதே 1857-ல் சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அடித்த 20 டாலர் தங்கக் காசுகள் ஆயிரக்கணக்கில் மேலே வந்தன. அவற்றில் பல, நேற்று அடித்தவை போல மின்னின. 130 ஆண்டு கடல்நீரால் முடியாத சேதத்தை ஒரு சட்டைப்பை சில மாதங்களில் செய்துவிடும்.

எப்படி? காசு அடிக்கும்போது உலோகம் அச்சின் அழுத்தத்தில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. இந்த ஓட்டம் அச்சிலும் காசிலும் ஆரம்போல விரியும் நுண்ணிய கோடுகளை விட்டுச்செல்கிறது. காசை ஒரே ஒரு விளக்கின் கீழ் மெதுவாகச் சாய்த்துச் சுழற்றினால், எதிரெதிரே இரண்டு ஒளிப்பட்டைகள் வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் போலச் சுற்றிவரும். சேகரிப்பாளர்கள் முதலில் தேடுவது இதைத்தான். கைபட்டு உரசினால் அந்தக் கோடுகள் மழுங்கும், பட்டை அந்த இடத்தில் அறுந்துபோகும். 1907-ல் வந்த, சிற்பி செயின்ட் காடன்ஸ் வடிவமைத்த 20 டாலர் காசில் சுதந்திர தேவியின் முழங்காலும் மார்பும்தான் மேடானவை, அதனால் முதலில் தேய்பவையும் அவையே.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அச்சு சரியாக அழுந்தாத காசிலும் முழங்கால் மொண்ணையாகத்தான் தெரியும். ஆனால் அதில் ஒளிப்பட்டை தடங்கலின்றி ஓடும். தேய்ந்த காசில் அந்த இடம் மட்டும் நிறம் மாறி மங்கிக் கிடக்கும்.

தரத்தை எண்ணாகச் சொல்ல 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் உண்டு. வில்லியம் ஷெல்டன் 1949-ல் பழைய அமெரிக்கச் செம்புச் சென்ட்டுகளுக்காக, விலையைக் கணக்கிடும் நோக்கில் போட்டது அது. 70 என்ற விசித்திர எண் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. இன்று பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் காசைப் பரிசோதித்து, எண்ணிட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடித் தருகின்றன. 60 முதல் 70 வரை புழக்கத்துக்கே வராத காசுகள். 58 என்றால் லேசான உரசல் மட்டும். ஆனால் 60 வாங்கிய 20 டாலர் காசு மூட்டைக்குள் மற்றக் காசுகளோடு மோதி முகமெல்லாம் வடுவாக இருக்கலாம். 33 கிராமுக்கு மேல் எடையுள்ள மென்மையான தங்கம், வேறென்ன ஆகும்? என்னைக் கேட்டால், பல 60-களைவிட நல்ல 58-ஐத்தான் எடுப்பேன்.

இந்தக் காசுகள் 90 சதவீதம் தங்கம், மீதி செம்பு. சிவப்புப் புள்ளிகள் தென்பட்டால் பெரும்பாலும் செம்பு சரியாகக் கலக்காத இடங்கள்தான், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது துணியையும் பாலிஷையும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதுபோல் இதைத் தேய்த்தால் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் விழும். போன பளபளப்பு திரும்பாது.

அபூர்வம் என்பது வேறு கதை. 1927-ல் டென்வர் நாணயச்சாலையில் 1,80,000 இருபது டாலர் காசுகள் அடித்தார்கள். இன்று தெரிந்தவை இருபதுகூட இல்லை. 1933-ல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தங்கத்தை அரசிடம் ஒப்படைக்கச் சொன்னபின் ஏராளமான காசுகள் உருக்கப்பட்டன. அந்த ஆண்டு அடித்து, புழக்கத்துக்கே விடாத காசுகளில் ஒன்று 2021-ல் சுமார் 1.89 கோடி டாலருக்கு ஏலம் போனது.

எண்ணைப் போடுவது கடைசியில் மனிதக் கண்தான். அதனால் 64 வாங்கிய காசின் பெட்டியை உடைத்து, 65 கிடைக்குமா என்று மறுபடி அனுப்பிப் பார்ப்பவர்கள் உண்டு. சில சமயம் கிடைத்தும்விடுகிறது. சில சமயம் 63 என்று திரும்பி வருகிறது.